யாழ் நகர் இழந்த முதல்வர்

யாழ்ப்பாணத்து இல்லமொன்றில் ஒருவர் மறைந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தோர் கையில் ஒரு சிறு நூல் கொடுக்கப்படுவது வழக்கம். மறைந்தவர் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், படித்த பாடசாலை, பார்த்த உத்தியோகம், மக்கள், மருமக்கள், பேரர் ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். தேவார திருவாசகங்களும் சேர்ந்திருக்கும். இதனைக் கல்வெட்டு என்று சொல்வர். கல்லில் வெட்டப்படாத இக்கல்வெட்டுகளைத் தொகுத்துப் படிப்பவர், குடாநாட்டு மக்கள் எங்கெங்கே சென்று உழைத்தனர், எவ்வெவ்வூரிற் சம்பந்தஞ் செய்தனர், எந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தனர் என்பவற்றையெல்லாம் அறிந்துகொள்ளலாம். வரலாற்றாசிரியனுக்கு இஃது ஒரு பெருஞ் செல்வம். ஆயினும், சென்ற நூற்றாண்டின் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளில் அச்சேறிய துக்க அறிவித்தல்கள் பலவற்றில் ஒரு விவரம் மட்டும் கிடைப்பதில்லை. கொலையுண்டவரைக் கொன்றவர் யார் என்பதே அது. ‘அகால மரணம்’ என்ற இரு சொற்களோடு அவ்விடம் கடந்து செல்லப்படும். வீட்டார் அறிந்திருப்பர், அயலார் அறிந்திருப்பர், அச்சுக் கோத்தவரும் அறிந்திருப்பார். எழுத்தில் மட்டும் வராது.

வாய்விட்டு அழுவதற்கும் அஞ்சவேண்டியிருந்த அத்தகைய ஒரு காலத்தில், தன் துக்கத்தை நகரறியச் சுமந்து நடந்த ஒரு பெண்மணியின் வரலாறு நினைக்கத்தக்கது. அவர் பெயர் சரோஜினி யோகேஸ்வரன். யாழ்ப்பாண மாநகரசபையின் முதல்வராய்த் தெரிவான முதற் பெண் அவரே. 1998 ஆம் ஆண்டு சனவரி மாதம் 29 ஆம் நாள் நடந்த தேர்தலின் பின் அப்பதவியை ஏற்றார். அதே ஆண்டு மே மாதம் 17 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நல்லூரிலுள்ள தமது இல்லத்தில், தேடி வந்தவர்களாற் சுட்டுக் கொல்லப்பட்டார். தேர்தல் முடிந்து நான்கு மாதங்கூட நிறையவில்லை.

அவர் அமர்ந்த ஆசனத்தின் வரலாற்றைச் சிறிது அறிந்தாலன்றி அவர் துணிவின் அளவு விளங்காது.

யாழ்ப்பாண நகரம் 1949 ஆம் ஆண்டில் மாநகரசபைத் தகுதி பெற்றது. சாம் சபாபதி முதலாவது முதல்வரானார். அந்நாளில் அப்பதவிக்கு வந்தவர்கள் வீதி, சந்தை, வடிகால், குடிநீர், வாசிகசாலை என்பவற்றைப் பற்றியே பேசினர். நகரபிதா என்ற சொல்லுக்கு ஒரு வீட்டுத் தலைவனின் மணம் இருந்தது. நகரத்தார் பெருமையோடு எழுப்பிய பொது நூலகம் 1959 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11 ஆம் நாள் திறக்கப்பட்டபோது முதல்வராயிருந்தவர் அல்பிரட் துரையப்பா. சென்னையிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் நரசிம்மன் வரைந்த திட்டப்படி எழுந்த அந்த வெண்ணிற மாளிகை, குடாநாட்டாரின் கல்வி வேட்கைக்கு ஓர் அடையாளமாய் நின்றது.

துரையப்பா ஒரு சட்டத்தரணி. 1960 முதல் 1965 வரை யாழ்ப்பாணத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். பின்னர் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியைச் சார்ந்து நின்றமையால், தமிழ்க் கட்சிகளின் கடுஞ் சினத்துக்கு ஆளானார். 1974 சனவரி 10 ஆம் நாள், உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிக் கூட்டத்திற் பொலிசார் புகுந்தமையால் ஒன்பது பேர் உயிரிழந்தபோது அச்சினம் இன்னும் மூண்டது. மேடைகளில் அவர் துரோகி எனப்பட்டார். 1975 யூலை 27 ஆம் நாள், பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வழிபடச் சென்ற இடத்தில், இளைஞர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். கொன்றோருள் வேலுப்பிள்ளை பிரபாகரனும் ஒருவர்.

இந்தக் கொலைக்கு யாழ்ப்பாணம் முழுமனத்தோடு துக்கங் கொண்டாடவில்லை என்பதை மறைப்பதிற் பயனில்லை. அவரிடம் உதவி பெற்ற எளியோர் பலர் உண்மையாகவே வருந்தினர். ஆனால் பொதுவாழ்வில் முன்னின்றோர் வாய் திறந்து, இது தகாத செயல், கோயில் வாசலில் ஒரு நகரபிதாவைக் கொல்வது எக்காலத்துக்கும் பழியாகும் என்று உரத்துச் சொல்லவில்லை. சிலர் உள்ளூர மகிழ்ந்தனர். ஒருவனைத் துரோகி என்று பெயரிட்டுவிட்டால் அவனுக்காக அழவேண்டியதில்லை என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. பெயரிடும் உரிமை எப்போதும் தங்கள் கையிலேயே இருக்கும் என்று அன்றைய தலைவர்கள் நம்பினர் போலும். பத்தாண்டுகள் கழிந்ததும் அச்சொல் அவர்கள் வாசலுக்கே வந்தது. 1985 செப்டம்பரில், மானிப்பாய்த் தொகுதியைப் பிரதிநிதித்துவஞ் செய்த வி. தருமலிங்கமும் கோப்பாய்த் தொகுதியின் முன்னாள் உறுப்பினர் மு. ஆலாலசுந்தரமும் வீடுகளிலிருந்து கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். இருவரும் தமிழர் விடுதலைக் கூட்டணியினர். துரையப்பாவை அரசியலில் எதிர்த்து நின்றவர்கள் அக்கூட்டணியினரே.

சரோஜினியின் கணவர் வெற்றிவேலு யோகேஸ்வரனும் அக்கூட்டணியைச் சேர்ந்தவர். அவரும் சட்டத்தரணி. 1977 யூலைப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் வென்று பாராளுமன்றஞ் சென்றார். அத்தேர்தலில் அவரை எதிர்த்துத் தோற்றவர் குமார் பொன்னம்பலம். ஒரே தொகுதிக்குப் போட்டியிட்ட அவ்விருவரும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளால், கொழும்பிலே துப்பாக்கிக்கு இரையாயினர். குமார் பொன்னம்பலம் 2000 சனவரி 5 ஆம் நாள் கொல்லப்பட்டார். குடாநாட்டு அரசியலின் போக்கைச் சொல்ல இந்த ஒரு செய்தி போதும்.

யோகேஸ்வரன் குடும்பத்துக்கு முதல் அடி அரச தரப்பிலிருந்தே விழுந்தது. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாள் முன்னதாக, நாச்சிமார் கோயிலடியில் நடந்த கூட்டணிக் கூட்டத்திற் பொலிசார் சுடப்பட்டனர். அதன்பின் பொலிசார் கட்டுமீறி நகரினுள் இறங்கினர். கடைகள் எரிந்தன. கூட்டணியின் தலைமையலுவலகம் எரிந்தது. ஈழநாடு பத்திரிகைக் காரியாலயம் எரிந்தது. யோகேஸ்வரனின் வீட்டையும் கொளுத்தினர். அவர் மயிரிழையில் உயிர் தப்பினார். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் கொண்ட பொது நூலகம் அவ்வன்முறையின்போதே சாம்பலாயிற்று. நூலகம் எரிந்ததை உலகறியும். அதே தீயில் ஒரு குடும்பத்தின் வீடும் போனதை நினைப்போர் சிலரே.

1983 யூலைக் கலவரத்தின் பின் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டுச் சத்தியஞ் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தனர். வடக்கில் ஆயுதந் தாங்கியோரின் காலம் தொடங்கியது. 1989 ஆம் ஆண்டுத் தேர்தலில் யோகேஸ்வரனுக்கு ஆசனங் கிட்டவில்லை. கூட்டணியின் செயலாளர் நாயகம் அ. அமிர்தலிங்கம் தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றஞ் சென்றார். அமிர்தலிங்கம், மு. சிவசிதம்பரம், யோகேஸ்வரன் ஆகிய மூவரும் கொழும்பிலே ஒரே வீட்டில் வாழ்ந்தனர்.

அவ்வீட்டுக்கு 1989 யூலை 13 ஆம் நாள் மாலை மூவர் வந்தனர். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் சார்பிற் பேசுவதற்காக வந்தவர்கள் அவர்கள். முன்னரும் சிலமுறை பேச்சு நடந்திருந்தமையால், ஒற்றுமைக்கு வழி பிறக்கும் என்று யோகேஸ்வரன் நம்பியிருந்தார். வருவோரைச் சோதிக்கவேண்டாம் என்று காவலரிடம் அவரே சொல்லியிருந்தார் என்பர். வந்தவர்களுக்குத் தேநீர் வழங்கப்பட்டது. பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே துப்பாக்கி வெளிப்பட்டது. அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் உயிரிழந்தனர். சிவசிதம்பரம் படுகாயத்தோடு பிழைத்தார். வந்த மூவரையும் காவலர் சுட்டு வீழ்த்தினர். சரோஜினி அப்போது அதே வீட்டில் இருந்தார். உபசரித்த வீட்டிலேயே உபசரித்தவரைக் கொல்வதை எந்த நாட்டிலும் கொடுமை என்பர். வந்தவர் பகைவரேயாயினும் முதலில் இருக்கச் சொல்லித் தண்ணீர் கொடுக்கும் யாழ்ப்பாணத்து வழக்கத்தில் வளர்ந்தோர்க்கு அதன் கொடுமை இன்னும் ஆழமாய்த் தைக்கும்.

இந்நிலையில் ஒரு பெண்ணுக்கு எத்தனையோ வழிகள் இருந்தன. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றுகொண்டிருந்தன. சென்றவர்களைக் குறை கூறுவார் இல்லை. கணவனைக் கண்முன் இழந்தவர், ஊரையும் அரசியலையும் விட்டு விலகியிருந்தால், அது நியாயமே என்று எவரும் சொல்லியிருப்பர். சரோஜினி விலகவில்லை. கணவரின் கட்சியிலேயே நின்றார். கணவரின் நகரத்துக்கே திரும்பி வந்தார்.

அவர் வந்து சேர்ந்த யாழ்ப்பாணம், அவர் மணமகளாய் அறிந்த யாழ்ப்பாணம் அன்று. 1990 இலிருந்து புலிகளின் ஆட்சியில் இருந்த நகரை, 1995 டிசம்பரில் அரச படைகள் கைப்பற்றின. அதற்குச் சற்று முன், அக்டோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் வீடு வாசல் விட்டுச் செம்மணி வெளியூடாகத் தென்மராட்சிக்கு மழையில் நடந்தனர். 1996 இல் ஊர் திரும்பியவர்களை இராணுவக் காவலரண்கள் வரவேற்றன. அந்த ஓராண்டிலேயே, படையினராற் பிடிக்கப்பட்டுக் காணாமற் போனோர் சுமார் 600 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை கணக்கிட்டது. பாடசாலை மாணவி கிருசாந்தி குமாரசுவாமி செம்மணிக் காவலரணில் மானபங்கப்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டதும் அவ்வாண்டே. அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் அங்கேயே கொன்று புதைக்கப்பட்டனர். பிணமே கிடைக்காத வீடுகளில் எந்த நாளை முதல் நாளாய்க் கொண்டு அந்தியேட்டி செய்வது என்று தெரியாமல் தாய்மார் காத்திருந்தனர். பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா என்று தெரியாத மனைவியர் இருந்தனர். தரைவழிப் பாதை இல்லை. கப்பலிலும் விமானத்திலுமே பயணம். 1990 இல் அறுந்த மின்சாரத் தொடர்பு மீளவில்லை. இரவில் ஊரடங்குச் சட்டம். இப்படிப்பட்ட ஊருக்குத்தான் உள்ளூராட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டது.

1983 இற்குப் பின் பதினைந்து ஆண்டுகள் கழித்து நடந்த அத்தேர்தலைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. இருந்ததிலும் நியாயம் உண்டு. படைகளின் பிடியில் இருக்கும் ஊரில் வாக்குப்பெட்டி வைப்பது, அந்தப் பிடிக்குச் சம்மதப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாகாதா என்று பலர் கேட்டனர். புலிகளோ, பங்குபற்றுவோரைத் துரோகிகள் என்றே கொண்டனர். இடம்பெயர்ந்தோர் பெயர்கள் நிறைந்த பட்டியலில், வாக்களிக்க வந்தோர் தொகை குறைவே. போட்டியிட்ட கட்சிகளுட் சில, முன்னாளில் ஆயுதமேந்திய இயக்கங்கள். அந்நாளிலும் ஆயுதம் வைத்திருந்தன. கூட்டணியிடம் ஆயுதம் இல்லை. ஆயுதமில்லாத அக்கட்சியே யாழ் மாநகரசபையில் முதலிடம் பெற்றது. சிறு தொகையான வாக்குகள்தாம். ஆயினும், வந்து வாக்களித்தவர் எத்தகையோரை விரும்பினர் என்பது அதனால் தெரிந்தது.

கேள்விக்கு மறுமொழியும் இருந்தது. நகரில் மக்கள் வாழ்ந்தனர். இடிந்த வீதிகளில் நடந்தனர். குப்பை குவிந்தது; கிணறுகள் பழுதாயின; சுடலைக்கும் சந்தைக்கும் ஒழுங்கு வேண்டியிருந்தது. யார் ஆண்டாலும் வடிகால் அடைத்தால் நுளம்பு பெருகும். இவற்றுக்கு மக்கள் முறையிடக்கூடிய இடம் இராணுவ முகாம் வாசலாக இருப்பதா, தாங்கள் தெரிந்தெடுத்த ஒருவரின் மேசையாக இருப்பதா என்பதே வினா. சரோஜினி அந்த மேசையை ஏற்றுக்கொண்டார். ஏற்றதனால் இருபுறத்துச் சந்தேகத்துக்கும் ஆளானார். இராணுவத்தின் நிழலில் அமர்ந்தவர் என்று ஒரு சாரார். தனிநாடு கேட்ட கட்சிக்காரர் என்று மறு சாரார்.

அவர் ஒரு கைம்பெண் என்பதை இங்கு மறந்துவிடலாகாது. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களிற் கணவனை இழந்தவள் கலியாண வீட்டில் முன்வரிசையில் நிற்பதில்லை, ஆலத்தி எடுப்பதில்லை, நல்ல காரியத்துக்குப் புறப்படுவோர் எதிரே வருவதற்கும் அவளே கூசுவாள். மாநகர முதல்வரோ நகரின் மங்கல நிகழ்ச்சிகளில் முதல் விளக்கை ஏற்றவேண்டியவர். படித்த ஊர் என்று பெயரெடுத்தும் இவ்வழக்கத்தை விடாத ஒரு நகரம், ஒரு கைம்பெண்ணைத் தன் முதற் குடியாக ஏற்றது. இதைப் பற்றி அந்நாளிற் பெரிதாக யாரும் எழுதியதாய்த் தெரியவில்லை. போரின் இரைச்சலில் அமைதியாக நடந்த மாற்றங்களுள் இதுவும் ஒன்று.

கொலையுண்ட கணவரின் இடத்துக்கு மனைவி வருவது ஆசிய அரசியலிற் புதிதன்று. 1959 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சுடப்பட்டபின், அடுத்த ஆண்டு சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமரானார். பிலிப்பைன்ஸ் நாட்டில் 1983 இற் பெனிக்னோ அக்கீனோ கொல்லப்பட்டார். 1986 இல் அவர் மனைவி கொரசோன் அந்நாட்டின் சனாதிபதியானார். சரோஜினி முதல்வரான காலத்து இலங்கைச் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவும், 1988 இல் கொலையுண்ட விசய குமாரதுங்கவின் மனைவியே. ஆனால் அவர்களை ஓர் அனுதாப அலை உயர்த்தி வைத்தது. பதவியோடு படையும் காவலும் வந்தன. சரோஜினிக்குக் கிடைத்தது பணமில்லாத ஒரு மாநகரசபை. கோட்டையருகே இருந்த பழைய நகர மண்டபம் போரில் அழிந்துபோக, சபையும் நல்லூரிலே வேறு கட்டடத்தில் இயங்கியது. ஆயுதக் காவலை அவர் நாடவில்லை. முறையிட வரும் ஏழைகள் துப்பாக்கியைக் கண்டால் உள்ளே வரக் கூசுவர் என்பது ஒன்று. ஆயுதமில்லாத கட்சி என்று சொல்லி வாக்குக் கேட்டவர் ஆயுதத்தின் பின்னே ஒளிதல் பொருந்தாது என்பது மற்றொன்று. அவரது வீட்டு வாயில் திறந்தே இருந்தது.

திறந்த வாயிலாலேயே கொலையாளிகள் வந்தனர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் நடந்தது நல்லூரில் மீண்டும் நடந்தது. இம்முறையும் வந்தவர்கள் வருகையாளராகவே வந்தனர்.

சங்கிலியன் படை என்ற பெயரில் அக்கொலைக்கு உரிமை கோரப்பட்டது. அப்படியொரு படையை அதற்குமுன் எவரும் அறியார். விடுதலைப் புலிகளே அப்பெயரின் பின்னால் நின்றனர் என்பது பரவலாகக் கொள்ளப்பட்ட முடிவு. நல்லூரைத் தலைநகராய்க் கொண்ட யாழ்ப்பாண அரசின் கடைசி மன்னன் பெயர் சங்கிலி. 1619 இற் பறங்கியர் அவனைச் சிறைப்பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றனர். நல்லூரில் அவன் வம்சப் பெயருக்குச் சிலையும் உண்டு. அந்நியரால் வீழ்ந்த மன்னனின் பெயரைச் சூடிக்கொண்டு, அவன் தலைநகரிலேயே, அவ்வூர் மக்கள் தெரிந்தெடுத்த நிராயுதபாணியான ஒரு பெண்ணைக் கொன்றமை, வரலாற்றுப் பெயர்கள் எவ்வாறெல்லாம் பயன்படுத்தப்படும் என்பதற்கு ஒரு சான்று. பெயருக்கு உரியவன் எழுந்து வந்து மறுக்கமாட்டான் அல்லவா?

துக்கம் எவ்வாறு இருந்தது? இரங்கலுரைகள் வந்தன, கண்டனங்கள் வந்தன, கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் அறிக்கைகள் வந்தன. ஊருக்குள்ளே பேச்சுத் தாழ்ந்த குரலிலேயே நடந்தது. யாழ்ப்பாணத்தின் வழமையான துக்கத்தில் மறைவு எதுவும் இல்லை. பறை முழங்கும், வாசலில் வாழை கட்டப்படும், பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்லி அழுவர். ஒப்பாரியில் இறந்தவரின் பெருமையும் வரும். இறக்கச் செய்தவன்மேற் பழியும் வரும். நோய்க்கும் விதிக்கும் காலனுக்கும் பழி சொல்லும் உரிமை ஒப்பாரிக்கு உண்டு. கொலைகாரனின் பெயரைச் சொல்லும் உரிமையை மட்டும் அக்காலம் பறித்துக்கொண்டது. படையினராற் கொல்லப்பட்டவரின் தாய், காவலரணுக்கு அஞ்சிச் சொல்லாமல் இருந்தாள். இயக்கத்தாற் கொல்லப்பட்டவரின் மனைவி, தனக்கு மிஞ்சிய பிள்ளைகளுக்காக அஞ்சிச் சொல்லாமல் இருந்தாள். இருவரின் மௌனமும் ஒரே வேலிக்கு இருபுறத்தும் இருந்தது.

அம்மௌனத்துக்கு மாறாக எழுதி வைத்தோர் சிலர் உண்டு. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு அவற்றுள் முதன்மையானது. அதன் நிறுவுநருள் ஒருவரான மருத்துவ விரிவுரையாளர் ராஜனி திராணகம, 1989 செப்டம்பர் 21 ஆம் நாள் யாழ்ப்பாணத்திற் சைக்கிளில் வீடு திரும்புகையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சியோர் தலைமறைவாய் இருந்துகொண்டே, அரச படைகள் செய்ததையும் இயக்கங்கள் செய்ததையும் ஒரே ஏட்டில் நாளும் இடமும் குறித்து எழுதினர். யாழ்ப்பாணத்து வீடுகள் அச்சிட இயலாத கல்வெட்டுகள் அவை எனலாம்.

ஆனால் எழுத்தைக் காட்டிலும் அழுத்தமான ஒரு மறுமொழியும் வந்தது. வெறுமையான ஆசனத்தில் இன்னொருவர் வந்து அமர்ந்தார். பொன். சிவபாலன் என்னும் சட்டத்தரணி, கூட்டணியைச் சேர்ந்தவர், சரோஜினிக்குப் பின் முதல்வரானார். முன்னவருக்கு நேர்ந்தது என்ன என்று நன்கறிந்தே அவர் அப்பதவியை ஏற்றார். சரோஜினி தம் கணவரின் பொருட்டுச் செய்ததையே சிவபாலன் சரோஜினியின் பொருட்டுச் செய்தார் என்று சொல்வது பொருந்தும். இறந்தவர் விட்ட வேலையைப் பகலில், பெயரோடு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு செய்தல். அந்நாளில் யாழ்ப்பாணத்திற் செய்யக்கூடியதாயிருந்த மிகத் துணிவான துக்கம் அதுவே. மலர் வளையம் வைப்பதற்கும் அதற்கும் வெகு தூரம்.

1998 செப்டம்பர் 11 ஆம் நாள், நகரின் போக்குவரத்தை ஒழுங்குசெய்வது பற்றி நல்லூர் மாநகரசபைக் கட்டடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மறைத்து வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்தது. சிவபாலனும், யாழ் நகரத்துக்குப் பொறுப்பாயிருந்த படை அதிகாரி பிரிகேடியர் சுசந்த மென்டிசும், அலுவலரும் பிறருமாகப் பலரும் மாண்டனர். எந்தத் தெருவில் எத்திசையில் வண்டிகள் செல்லவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவ்வாண்டு முடிவதற்குள், டிசம்பரில், கூட்டணியின் யாழ்ப்பாணப் பொறுப்பாளருள் ஒருவரான மதிமுகராசாவும் கொல்லப்பட்டார். ஒரே ஆண்டில், ஒரே கட்சியில், ஒரே ஊரில் மூன்று உயிர்கள்.

இதன்பின் அந்த ஆசனத்தை நாடுவோர் யார் இருப்பர் என்று நினைக்கத் தோன்றும். இருந்தனர். தென்மராட்சியைச் சேர்ந்த இளஞ் சட்டத்தரணி நடராசா ரவிராஜ் 2001 இல் முதல்வரானார். அவ்வாண்டு இறுதியிற் பாராளுமன்றஞ் சென்றார். சிங்கள மக்களிடம் அவர்கள் மொழியிலேயே தமிழர் துயரைச் சொல்ல வல்லவர் அவர். தென்னிலங்கைத் தொலைக்காட்சியில் அவர் பேசும்போது, உடன்படாதவர்களும் செவிகொடுத்தனர். 2006 நவம்பர் 9 ஆம் நாள், வாகரையிற் பொதுமக்கள் கொல்லப்பட்டதைக் கண்டித்துக் கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டத்திற் பங்குபற்றினார். மறுநாட் காலை, கொழும்பிலே தமது வாகனத்தில் வெளியே புறப்பட்ட சற்று நேரத்தில், மெய்க்காவலரோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். இம்முறை குற்றஞ் சாட்டப்பட்டோர் வேறு. கடற்படைப் புலனாய்வைச் சேர்ந்தோர் உட்பட ஐவர்மீது வழக்கு நடந்தது. 2016 டிசம்பர் 24 ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், சிங்களம் பேசும் யூரிமார் அனைவரையும் விடுவித்தனர்.

துரையப்பாவையும் சரோஜினியையும் சிவபாலனையும் ரவிராஜையும் ஒரே வரிசையில் வைப்பது சிலருக்கு ஒவ்வாதிருக்கலாம். கொள்கையால் அவர்கள் ஒன்றுபட்டவரல்லர். ஒருவர் அரசோடு நின்றவர், ஒருவர் அரசை எதிர்த்துப் பேசியே மாண்டவர். அவரவர் அன்பர்கள் அவரவர் நினைவு நாளைத் தனித்தனியே கொண்டாடுகின்றனர். ஒருவருக்கு விளக்கேற்றுவோர் மற்றவருக்கு ஏற்றுவதில்லை. நால்வரும் ஒரு நகரத்தின் குப்பைக்கும் விளக்குக்கும் தெருவுக்கும் பொறுப்பேற்றவர்கள் என்பதும், நால்வரும் கையில் ஆயுதமின்றி மாண்டவர்கள் என்பதும் மட்டுமே அவர்களை இணைக்கின்றன. அவ்வளவு இணைப்பு ஒரு நகரத்தாருக்குப் போதாதா என்பது யாழ்ப்பாணத்தார் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது.

1998 இல் தெரிவான அந்த மாநகரசபைக்கு இறுதியாக வாய்த்தது நூலகக் காரியம். எரிந்த மாளிகை மீளக் கட்டி முடிக்கப்பட்டு, 2003 பெப்ரவரியில் திறப்பு விழாவுக்கு நாட் குறிக்கப்பட்டது. அப்போது முதல்வராயிருந்தவர் செல்லன் கந்தையன். புலிகள் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழவே விழா நின்றது. உறுப்பினர்கள் கூட்டாகப் பதவி விலகினர். பின்னர், கொடியும் மேளமுமின்றி, நூலகம் வாசகருக்குத் திறக்கப்பட்டது. யோகேஸ்வரன் வீட்டோடு சேர்ந்து எரிந்த கட்டடத்திலே பிள்ளைகள் மீண்டும் புத்தகம் இரவல் வாங்கினர்.

போர் முடிந்தபின், 2009 ஆகஸ்டு மாதத்தில், மாநகரசபைக்கு மீண்டும் தேர்தல் நடந்தது. கட்சி வேறு, காலம் வேறு. முதல்வர் ஆசனத்துக்கு அம்முறை வந்தவரும் ஒரு பெண்.